மாடல் ஒய் 110-ஆ, ஐயோனிக் 5-ஆ? பி பிரிவுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா?

5 செப்டம்பர் 2025 – சிங்கப்பூர் பொங்கோலிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

வீட்டில் ஐந்து பேர், அம்மாவுக்கு மூட்டுவலி. டெஸ்லா மாடல் ஒய் 110, ஹூண்டாய் ஐயோனிக் 5 இரண்டையும் பார்த்துவிட்டேன். 110 கிலோவாட் என்பதால் மாடல் ஒய்க்கு ஏ பிரிவு சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற பத்து வருட உரிமைச் சான்றிதழ்) போதும். ஐயோனிக்கில் சின்ன மோட்டாரே 125 கிலோவாட், ஆக பி பிரிவு. இரண்டும் குடும்ப கார்தான். பிறகு எதற்கு ஒருவர் பி பிரிவுக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்க வேண்டும்? மாடல் ஒய்தான் கணக்குக்குச் சரி என்கிறேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருந்துகொண்டு மின்வாகனம் ஓட்டுகிற அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

6 செப்டம்பர், சனி

தம்பி, நானும் இதே இரண்டுக்கும் நடுவில்தான் மூன்று மாதமாக நிற்கிறேன். செங்காங்கில் நாலறை வீடு. என் பெட்ரோல் காரின் சிஓஇ டிசம்பர் 11-ஆம் தேதியோடு முடிகிறது. துவாஸில் மருந்துத் தொழிற்சாலை ஆய்வகத்தில் ஷிப்ட் வேலை. போக 40, வர 40 என்று ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர். டிபிஇ, எஸ்எல்இ, பிகேஇ, கேஜேஇ, பிஐஇ என்று விரைவுச்சாலைகளில் பாதித் தீவைச் சுற்றித்தான் போகிறேன். அப்பாவுக்கு 76. வலது முழங்கால் மடங்காது, விரல்களில் முடக்குவாதம், தூரம் நடக்க வேண்டுமென்றால் சக்கர நாற்காலி.

மோட்டாரையும் சிஓஇயையும் பிறகு பார்ப்போம். முதலில் லாட்டை, அதாவது காரை நிறுத்துகிற கட்டத்தை, அளந்து பாருங்கள். நேற்று நானும் அப்பாவும் அளவு நாடாவோடு கார்ப்பார்க்கின் நாலாவது தளத்துக்குப் போனோம். அப்பா ஒரு முனையைத் தூணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அகலம் 2.4 மீட்டர், நீளம் 4.8 மீட்டர். இங்கே கார்நிறுத்துமிட விதியே அந்த அளவுதான். புது மாடல் ஒய் 4.79 மீட்டர் நீளம். முன்னால் ஒரு சென்டிமீட்டர் மிச்சம். ஐயோனிக் 4.65. அகலம் கண்ணாடி சேர்க்காமல் மாடல் ஒய் 1.92, ஐயோனிக் 1.89. இந்த மூன்று சென்டிமீட்டரில்தான் அப்பா காரில் ஏறுவதும் ஏறாததும் இருக்கிறது. என் மனம் ஐயோனிக் பக்கம் சாய்கிறது.

சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும். மின்வாகனச் சலுகை இந்த டிசம்பர் 31-ஓடு முடிகிறது.

7 செப்டம்பர்

நேற்று அகலத்தைப் பற்றி எழுதியது தவறு. காலையில் காபி குடிக்கும்போதுதான் உறைத்தது. மூன்று சென்டிமீட்டரை இரண்டு பக்கத்துக்கும் பிரித்தால் ஒரு பக்கம் ஒன்றரை. கதவு திறக்க அது எந்த மூலைக்கு? பக்கத்து லாட்காரர் கோட்டை மிதித்து நிறுத்தினால் இரண்டு காரும் ஒன்றுதான். முதியவரை ஏற்ற வேண்டுமென்றால் காரை லாட்டுக்குள் விடுவதற்கு முன்பே, லிஃப்ட் லாபி அருகே நிறுத்தி ஏற்றிவிடுகிறோம். இத்தனை வருடமாக நான் செய்வதும் அதுதான். பார்க்க வேண்டியது கார் அகலம் இல்லை. கதவு எவ்வளவு விரியத் திறக்கிறது, இருக்கை எந்த உயரம், கைப்பிடி எப்படி, இந்த மூன்றும்தான்.

நீளத்தைப் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

இரண்டையும் அப்பாவோடு ஓட்டிப் பார்த்தாயிற்று. தனியாகப் போய் ஓட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை, தம்பி. விற்பனையாளர் முடுக்கத்தைக் காட்டுவார், திரையைக் காட்டுவார். அம்மாவைக் கூட்டிப் போங்கள். அவர் ஏறி இறங்குவதைப் பாருங்கள்.

மாடல் ஒய்யின் கதவுக் கைப்பிடி உடலோடு ஒட்டியிருக்கும். அகன்ற முனையைக் கட்டைவிரலால் அழுத்தினால் மறுமுனை வெளியே வரும், அதைப் பிடித்து இழுக்க வேண்டும். நமக்கு இரண்டு நாளில் பழகிவிடும். அப்பா மூன்று தடவை முயன்றார். கட்டைவிரல் அழுத்தும்போது மற்ற விரல்கள் மடங்கவில்லை. நாலாவது தடவை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீ தெறம்மா" என்றார். என் காரின் கதவை அவர் எப்போதும் தானே திறந்துகொள்வார். அதனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு என்னவோ செய்தது.

உள்ளே உட்கார்ந்த பிறகு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மேலே முழுக்கக் கண்ணாடி, இருக்கை மெத்தென்று இருக்கிறது, இடம் தாராளம். பூட், அதாவது பின்பக்கச் சாமான் இடம், பெரிது. தரைக்கு அடியிலும் ஒரு பள்ளம். சக்கர நாற்காலியை மடித்துப் போட்டு, மேலே தேக்கா சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையையும் போடலாம். பூட்டில் ஐயோனிக் தோற்றுவிட்டது. அதன் பூட் 520 லிட்டர்தான், ஆழமும் குறைவு. நாற்காலி நிற்காது, படுக்கத்தான் வைக்க வேண்டும். ஆனால் பின்னிருக்கை முன்னும் பின்னும் நகரும். கொஞ்சம் முன்னால் தள்ளியதும் நாற்காலி சரியாக உட்கார்ந்தது.

நான் ஓட்டிய ஐயோனிக்கில் சாவியோடு கிட்டே போனதும் கைப்பிடி தானே வெளியே வந்தது. அப்பா நாலு விரலையும் உள்ளே விட்டு இழுத்தார், திறந்தது. ஒரு எச்சரிக்கை: எல்லா டிரிமிலும் (ஒரே மாடலின் வெவ்வேறு விலை வகைகளில்) இப்படித் தானாக வராது, அழுத்தி இழுக்கிற வகையும் உண்டு. வாங்கப்போகிற அதே டிரிமில் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது தலைசுற்றல். பெடலிலிருந்து காலை எடுத்தால் இரண்டு காருமே இழுத்துப் பிடிக்கும், அப்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும். ஓட்டுகிறவருக்கு அது சுகம். பக்கத்தில் இருப்பவருக்குத் தலை முன்னும் பின்னும் ஆடும். ஐயோனிக்கில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு சின்ன நெம்புகள் உண்டு. இடது, வலது என்று தட்டிப் பிடிப்பைக் கூட்டலாம், பூஜ்ஜியம் வரை குறைக்கலாம். பூஜ்ஜியத்தில் வைத்ததும் அப்பா, "இது பழைய கார் மாதிரி போவுது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். டெஸ்லாவில் நான் காலை மெதுவாக எடுத்துப் பழக வேண்டும். முடியாத காரியமில்லை. நிறைய பேர் அழகாக ஓட்டுகிறார்கள்.

திரை விஷயம். மாடல் ஒய்யில் வேகமும் நடுத்திரையில்தான், கியரும் திரையில்தான். இண்டிகேட்டருக்கு மட்டும் புது மாடலிலும் தண்டு இருக்கிறது, நல்ல வேளை. இரவு ஷிப்ட் முடித்துக் கண் எரிய வருகிற எனக்கு வேகம் ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே தெரிய வேண்டும்.

17 செப்டம்பர், புதன் இரவு

இன்றைய சிஓஇ ஏலம்: ஏ பிரிவு 119,003 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பி பிரிவு 136,890. இடைவெளி 17,887. தம்பி சொல்வதில் கனம் இருக்கிறது, மறுக்கவில்லை. அவ்வளவு பணத்தில் எனக்கு ஏழெட்டு வருட சார்ஜ் செலவே அடங்கிவிடும்.

சாலை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். 110 கிலோவாட்டுக்கு வருடம் 1,560 வெள்ளி, 125 கிலோவாட்டுக்கு 1,648 வெள்ளி. பெட்ரோல் வரிக்குப் பதிலாக எல்லா மின்வாகனத்துக்கும் போடுகிற 700 வெள்ளி இரண்டிலும் உள்ளடக்கம். வித்தியாசம் 88 வெள்ளி. அது எதையும் தீர்மானிக்காது.

28 செப்டம்பர், ஞாயிறு

சார்ஜ் பற்றிக் கேட்டீர்கள். இது நீளமாகப் போகும்.

வீவகவில் இருப்பவர்களுக்குச் சொந்த சார்ஜர் கிடையாது. கீழே இருப்பதைத்தான் எல்லாரும் பகிர்ந்துகொள்கிறோம். 2030-க்குள் தீவு முழுவதும் 60,000 சார்ஜிங் முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. எங்கள் புளோக்கின் கார்ப்பார்க்கில் மூன்று. வீவக கார்ப்பார்க்குகளில் பெரும்பாலும் இருப்பது 7.4 கிலோவாட் மெது சார்ஜர். ஒரு மணி நேரம் செருகி வைத்தால் ஏறக்குறைய 45 கிலோமீட்டருக்கு ஏறும்.

வாங்குவதற்கு முன்பே ஒரு மின்வாகனத்தை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போய் வந்து பார்த்தேன். என் ஓட்டத்தில் 100 கிலோமீட்டருக்கு 16 கிலோவாட்-மணி. ஒரு நாளைக்கு 13. பேட்டரி 58 என்று வைத்தால், 80 சதவீதத்திலிருந்து 20-க்கு இறங்க 35 கிலோவாட்-மணி. ஆக ஏறக்குறைய மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஐந்து மணி நேரம். எங்கள் புளோக்கில் ஒரு கிலோவாட்-மணி 60 காசுக்குச் சற்று மேல். ஒரு தடவைக்கு 21, 22 வெள்ளி. வீட்டு மின்கட்டணத்தை விட இரண்டு மடங்கு. தரைவீட்டுக்காரர்கள் சொல்கிற மலிவு நமக்கு இல்லை. இருந்தாலும் பெட்ரோலில் ஆகிற செலவில் பாதிதான்.

முதல் வாரத்தில் ஒரு இரவு நடந்தது. ஷிப்ட் முடிந்து வந்தபோது 14 சதவீதம். மூன்று லாட்டில் ஒன்றில் பெட்ரோல் கார் நிற்கிறது. இன்னொன்றில் சார்ஜ் முடிந்து பச்சை விளக்கு எரிகிற கார், உரிமையாளர் மேலே தூங்குகிறார். மூன்றாவது காலி. செருகினேன். செயலி 'தொடங்குகிறது' என்று சுற்றிக்கொண்டே இருந்தது. கழற்றி மறுபடி செருகினேன். கேபிளும் பூட்டிக்கொண்டது, சார்ஜும் ஏறவில்லை. உதவி எண்ணில் இருபது நிமிடம். கடைசியில் தூரத்திலிருந்து சார்ஜரை மறுதொடக்கம் செய்துவிட்டார்கள். கொசுக்கடியில் நின்றபோது, பெட்ரோல் காரையே பத்து வருடம் நீட்டித்துவிடலாமா என்று தோன்றியது நிஜம்.

அப்புறம் ஒன்று கண்டுபிடித்தேன். இரவு எல்லாரும் செருகுகிற நேரம். காலை ஒன்பதுக்கு மூன்றும் காலி. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வருகிற எனக்கு அதைவிட என்ன வேண்டும்? செருகிவிட்டுத் தூங்கப் போனால், மதியம் இரண்டு மணிக்கு அப்பாவே கீழே போய்க் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து எழுப்புகிறார். முடிந்த பிறகும் லாட்டில் விட்டால் பல இடங்களில் அபராதக் கட்டணம் ஏறும், அதற்காக.

தம்பி, உங்களுக்கு அலுவலக நேர வேலை என்றால் உங்கள் இரவு வேறு மாதிரி இருக்கும். இன்று இரவு பத்து மணிக்கு உங்கள் புளோக்குக் கீழே போய் எத்தனை சார்ஜர் காலி என்று பாருங்கள். ஒரு வாரம் பாருங்கள்.

பேட்டரி வகையும் இங்கே முக்கியம். மாடல் ஒய் 110-இல் இருப்பது இரும்பு பாஸ்பேட் வகை. வாரம் ஒரு தடவையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறது டெஸ்லா. ஐயோனிக்கில் நிக்கல் வகை. தினசரி ஓட்டத்துக்கு 80-இல் நிறுத்துவது அதற்கு நல்லது. பகிர்ந்துகொள்கிற சார்ஜரில் 80-இல் எடுத்துவிட்டுப் போவது அடுத்தவருக்கும் உதவி.

29 செப்டம்பர்

ஐயோனிக் 800 வோல்ட் ஆயிற்றே, 18 நிமிடத்தில் 10-இலிருந்து 80 ஏறுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஏறும், 350 கிலோவாட் சார்ஜர் இருந்தால். மேலே சொன்ன 7.4-இல் 800 வோல்ட்டும் ஒன்றுதான், 400 வோல்ட்டும் ஒன்றுதான். விளம்பரத்தில் அதைப் பார்த்துத்தான் நானும் முதலில் மயங்கினேன். வீவக வாழ்க்கைக்கு அந்த 18 நிமிடத்தைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

8 அக்டோபர், புதன்

ஏ பிரிவு 128,105. இதுவரை இல்லாத உச்சம். பி பிரிவு 141,000. இடைவெளி 12,895-ஆகக் குறைந்துவிட்டது. தம்பி, உங்கள் வாதத்தின் பலம் மூன்று வாரத்தில் 5,000 வெள்ளி குறைந்திருக்கிறது. ஆனால் இரண்டுமே என் கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இன்று இரவு இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

11 அக்டோபர், சனி

திருத்தம். சலுகை டிசம்பர் 31-ஓடு முடிகிறது என்று முதல் நாள் எழுதியிருந்தேன். முடியவில்லை, குறைகிறது. இந்த 2025-இல் இரண்டு சலுகையும் சேர்த்து அதிகபட்சம் 40,000 வெள்ளி: மாசு குறைந்த வாகனத்துக்கான கழிவு 25,000, மின்வாகன ஊக்கத்தொகை 15,000. 2026-இல் 22,500-உம் 7,500-உம் சேர்த்து 30,000. 2027-இல் ஊக்கத்தொகை இல்லை, 20,000 மட்டும். பத்தாயிரம் குறைவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று எல்லாரும் ஓடுகிறார்கள். அந்த ஓட்டமே சிஓஇயை ஏற்றிவிடுகிறது. ஆகஸ்டிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போதுதான் புரிகிறது. பத்தாயிரத்தைப் பிடிக்கப் போய் இருபதாயிரத்தை விடுகிறோம்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. பத்து வருடத்துக்குள் காரை ஒப்படைத்தால், வாங்கும்போது கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கு திரும்பக் கிடைக்கும் அல்லவா, இந்த 2025 விதிப்படி ஐந்து வருடத்துக்குள் 75 சதவீதம், ஒன்பது வருடம் தாண்டினால் 50 சதவீதம் என்று. அது கட்டிய தொகையில்தான் கணக்கு. சலுகை கழித்த பிறகு மின்வாகனத்துக்குக் கட்டிய தொகையே சிறிது. ஆகவே திரும்ப வருவதும் சிறிது. பழைய பெட்ரோல் காரை ஒப்படைத்தபோது வந்த தொகையை மனதில் வைத்து மின்வாகனத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

கடனும் அப்படித்தான். காரின் திறந்த சந்தை மதிப்பு (வரியும் சிஓஇயும் சேராத அடிப்படை விலை) 20,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் 60 சதவீதம் வரைதான் கடன், ஏழு வருடத்துக்குள் கட்ட வேண்டும். மீதி 40 சதவீதம் ரொக்கம். சிஓஇயும் சேர்ந்த விலையில் 40 சதவீதம் என்றால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

12 அக்டோபர்

ஏன் சீனாவின் பிஒய்டி பட்டியலில் இல்லை என்று இருவர் கேட்டார்கள். 2024-இல் சிங்கப்பூரில் அதிகம் விற்ற கார் பிராண்ட் அதுதான், டொயோட்டாவையே முந்தியது. அதன் அட்டோ 3-ஐ ஓட்டினேன். 4.46 மீட்டர், லாட்டில் அழகாக அடங்கும். ஏ பிரிவுக்கென 100 கிலோவாட் வகையும் உண்டு. வீட்டில் நாலு பேர் என்றால் அதையே எடுத்திருப்பேன். பின்னால் மூன்று பேர், பூட்டில் சக்கர நாற்காலி என்றதும் எங்களுக்குப் போதவில்லை. அவ்வளவுதான்.

அப்பா ஐயோனிக் பக்கம் நிற்பதற்கு இன்னொரு காரணம் இன்றுதான் வெளியே வந்தது. ஜூரோங்கில் ஹூண்டாய் தொழிற்சாலையை முறைப்படி திறந்தது 2023 நவம்பரில், கார் செய்வது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஐயோனிக் 5-ஐ அங்கே ஆட்களோடு இயந்திரக் கைகளும் சேர்ந்து பூட்டுகின்றன. கூரையின் மேலேயே 620 மீட்டர் ஓட்டப்பாதை. இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஊர்ல செய்றதா?" எழுபதுகளில் அப்பர் புக்கிட் தீமா வழியாக பஸ்ஸில் வேலைக்குப் போவாராம். ஃபோர்டு தொழிற்சாலை வாசலில் புதுக் கார்கள் வரிசையாக நிற்குமாம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த அதே கட்டடம். 1980-இல் அங்கே கார் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அது காட்சியகம். "அந்த வரிசையில ஒண்ணு நமக்குன்னு ஒருநாளும் நெனச்சதில்ல" என்றார். அப்பாவின் வாயிலிருந்து இதை நான் கேட்டதே இல்லை.

இதை வைத்துக் கார் வாங்க முடியாது, தெரியும். எழுதி வைக்கத் தோன்றியது.

23 அக்டோபர், வியாழன்

தீபாவளிக்குக் கோலாலம்பூர் போய் வந்தோம், மைத்துனரின் மாடல் ஒய்யில். பெரியவர் நாலு பேர், ஒரு பையன், பூட் நிறைய பலகாரம். தொலைதூரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

துவாஸ் பாலம் வழியாக அதிகாலை நாலுக்குப் புறப்பாடு. முக்கால் தொட்டி விதி (சிங்கப்பூரை விட்டுப் போகிற காரில் பெட்ரோல் முக்கால் தொட்டியாவது இருக்க வேண்டும் என்பது) மின்வாகனத்துக்குக் கிடையாது. நாம்தான் 100-இல் புறப்பட வேண்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம். நெடுஞ்சாலையில் 110-இல் ஓட்டினால் செலவு கூடும். அலோர் காஜா பக்கம் ஏ ஃபமோசாவில் டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர் இருக்கிறது. அங்கே சேரும்போது 36 சதவீதம். அத்தையும் பையனும் கழிவறை போய் வந்து, முறுக்கு டப்பாவைத் திறந்து மூடுவதற்குள் 80-ஐ நெருங்கிவிட்டது. அட்டை இல்லை, செயலியைத் திறக்க வேண்டியதில்லை. செருகினால் ஏறுகிறது. காருக்குள்ளேயே எத்தனை முனை காலி என்று தெரிகிறது.

திரும்பும்போது மைத்துனர் சும்மா பார்க்கலாமே என்று நெடுஞ்சாலை ஓரத்தில் வேறொரு நிறுவனத்தின் வேக சார்ஜரில் நுழைந்தார். இரண்டு முனை, முன்னால் நாலு கார். பண்டிகைக் கூட்டம். ஒரு குடும்பம் ஒன்றரை மணி நேரமாகக் காத்திருப்பதாகச் சொன்னது. குழந்தை அழுதுகொண்டிருந்தது. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

ஆகவே, மாதம் ஒரு தடவை மலாக்கா, கோலாலம்பூர் போகிற குடும்பமா நீங்கள்? அப்படியானால் மாடல் ஒய். அதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை. நாங்கள் வருடத்துக்கு இரண்டு தடவைதான் போகிறோம்.

2 நவம்பர், ஞாயிறு

பாதை மாறிவிட்டது. புதுக் கார் இல்லை.

சிஓஇ உச்சத்தில் இருக்கும்போது பயன்படுத்திய காரின் விலையும் ஏறத்தான் செய்யும். மீதமுள்ள சிஓஇயையும் சேர்த்துத்தானே விற்கிறார்கள். இருந்தாலும் ரொக்கமாக நான் முதலில் போட வேண்டிய தொகை குறைகிறது. 2023 ஆகஸ்டில் பதிவான ஐயோனிக் 5, ஜூரோங்கில் செய்தது, 58 கிலோவாட்-மணி பேட்டரி, 125 கிலோவாட் மோட்டார், 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சிஓஇ இன்னும் ஏழு வருடம் ஒன்பது மாதம். பழைய மாடல் என்பதால் நீளம் 4.635. லாட்டில் பதினாறு சென்டிமீட்டர் மிச்சம்! பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 160,000 கிலோமீட்டர் உத்தரவாதம், முதலில் பதிவான தேதியிலிருந்து. ஆக பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது.

தம்பி, பி பிரிவுக்கு எதற்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்று கேட்டீர்கள். பயன்படுத்திய காரில் பிரிவுக் கணக்கே வேறு. ஏலத்தில் அதை எடுத்தது முதல் உரிமையாளர், மீதமுள்ள காலத்துக்கு மட்டும்தான் நான் கொடுக்கிறேன். இதை நான் செப்டம்பரிலேயே யோசித்திருக்க வேண்டும்.

15 நவம்பர், சனி

பயன்படுத்திய மின்வாகனம் பார்க்கப் போகிறவர்களுக்கு, நான் பட்டதிலிருந்து.

முதலில் போன கடையில் பேட்டரி நிலை எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு விற்பனையாளர் மீட்டரில் தெரிந்த 97-ஐக் காட்டினார். அது அன்றைய சார்ஜ். நான் கேட்டது பேட்டரியின் ஆரோக்கியம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் விற்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா என்று தெரியவில்லை. கிளம்பிவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் தனிப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டார்கள். காருக்கு அடியில் போய்ப் பேட்டரிப் பெட்டியின் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்ப்பார்க் மேட்டிலோ கல்லிலோ இடித்திருந்தால் தழும்பு தெரியும். டயரைப் பாருங்கள். மின்வாகனம் கனம், முடுக்கமும் அதிகம், டயர் சீக்கிரம் தேயும். இதில் பின் இரண்டும் தேய்ந்திருந்தன, அதற்கு விலையில் குறைத்தார்கள். டைப் 2 சார்ஜ் கேபிள் காரோடு வருகிறதா என்று கேளுங்கள். சில கார்ப்பார்க்குகளில் கேபிள் சார்ஜரிலேயே தொங்கும், சில இடங்களில் நம்முடையதை எடுத்துப் போக வேண்டும். காப்பீட்டு விலையைக் கையெழுத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். எனக்குப் பெட்ரோல் காருக்குக் கட்டியதைவிட முந்நூறு வெள்ளிக்கு மேல் கூடுதல்.

கைப்பிடி? அப்பாவையே கூட்டிப் போனேன். தானாக வெளியே வரும் வகை. இழுத்தார், திறந்தது, உட்கார்ந்தார், "சரி" என்றார். முன்பணம் கட்டிவிட்டேன்.

30 நவம்பர், ஞாயிறு

கார் வந்துவிட்டது. காலையில் கோயிலில் பூசை. நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். குருக்கள் சந்தனம் வைக்க எங்கே தட்டையான இடம் என்று தேடி, முன் மூடியின் நடுவே வைத்தார். பிறகு வழக்கம்போல "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். பொத்தானை அழுத்திவிட்டேன், கார் தயார், சத்தம்தான் இல்லை. அவர் காத்திருந்தார். அப்பாதான் முன்னால் வந்து, "ஓடிக்கிட்டுதான் இருக்கு சாமி, கரண்டு வண்டி" என்றார். பழங்கள் நசுங்கிய சத்தம் அவ்வளவு தெளிவாக இதற்கு முன் கேட்டதில்லை.

பழைய காரை அடுத்த வாரம் ஒப்படைக்கிறேன், 11-ஆம் தேதிக்கு முன்.

10 டிசம்பர், புதன்

தம்பி, நீங்கள் மாடல் ஒய் 110-க்கே பதிவு செய்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் ஈப்போவுக்கு மாமியார் வீடு என்று முன்பே சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். அம்மாவுக்குக் கைப்பிடியைப் பழக்குங்கள். காசு செலவில்லாத பயிற்சி, லிஃப்ட் லாபியில் நிறுத்தி நாலைந்து தடவை திறந்து பார்த்தால் போதும். முடியாவிட்டால் பேரப்பிள்ளைகள் யாராவது திறந்துவிடட்டும்.

என் பக்கத்தில் ஒரு குறை, சொல்லிவிடுகிறேன். 2023 ஐயோனிக்கில் பின் கண்ணாடிக்கு வைப்பர் கிடையாது. புது மாடலில்தான் கொடுத்திருக்கிறார்கள். வாங்கும்போது தெரிந்துதான் வாங்கினேன், வடகிழக்குப் பருவமழையை நினைக்கவில்லை. திங்கட்கிழமை விடியற்காலை எஸ்எல்இயில் கொட்டிய மழையில் பின் கண்ணாடி முழுக்க நீர்த்துளி. பின்னால் வந்த லாரியின் விளக்கு மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கலங்கித் தெரிந்தது. தடம் மாறாமல் இடது ஓரமாகவே வந்து சேர்ந்தேன். நேற்று கண்ணாடியைக் கழுவி, நீர் ஒட்டாத பூச்சு ஒன்றை அடித்துக் காயவைத்திருக்கிறேன். இன்று இரவு ஷிப்ட், மழை என்றுதான் முன்னறிவிப்பு. பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

11 டிசம்பர்

பூச்சு வேலை செய்கிறது. 60-க்கு மேல் ஓடும்போது துளிகள் தாமாக ஓடிவிடுகின்றன. கார்ப்பார்க்கில் ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் கேமராதான். மூன்று சார்ஜரும் காலி, 31 சதவீதத்தில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறேன்.